காய்ச்சலுக்கு அந்தக் கார்டு உதவாது: சேலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்கிற வைத்தியத்துக்கு உரியது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு வீடு திரும்புவதற்கு அது செல்லாது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.

சின்ன கிளினிக் ஒன்றில் டோக்கன் கொடுக்கிற மேசை என்னுடையது. சாயங்காலக் கூட்டத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் யார் என்று பெயர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிடும். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிள்ளையைக் காட்டுவதற்கு முன்னால் கவரை நீட்டுவார்கள்.

“அக்கா, இந்தக் கார்டு இங்க எடுத்துக்குவீங்களா?”

“யாருக்குக் கண்ணு உடம்பு சரியில்ல?”

“பையனுக்கு. நேத்துல இருந்து காய்ச்சல்.”

“கார்டைப் பத்திரமா உள்ள வை. அது அட்மிஷன் போட்டாத்தான். இப்ப டோக்கன் போடட்டுமா, இல்ல பக்கத்துல கவர்மென்ட் டாக்டர் இருக்காங்க, அங்க போறியா?”

பலருக்கு முகம் வாடிவிடும். காசில்லாமல் பார்த்துக்கொள்ள வழியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழி உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

முதலில் பக்கத்து வாசலைத் தெரிந்து வையுங்கள்

வீடு பார்த்து, பால் காய்ச்சிக் குடி புகுந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் தெருவுக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். சேலம் மாநகராட்சி சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம். எந்த மண்டலத்தில் இருந்தாலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உங்களுக்கு இருக்கும். இதுபோக, நகர்ப்புற நலவாழ்வு மையம் என்ற பெயரில் 2023 ஜூன் மாதம் தமிழ்நாடு முழுக்க 500 இடங்களில் சின்ன மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான் ஆட்கள். காலை 8 மணி முதல் 12 மணி வரை, மாலை 4 மணி முதல் 8 மணி வரை என்ற நேரக்கணக்கில் தொடங்கினார்கள். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு அந்த மாலை நேரம்தான் முக்கியம். உங்கள் பக்கத்து மையத்தின் நேரத்தைக் கதவில் எழுதியிருப்பார்கள், ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எந்தக் கார்டும் கேட்கமாட்டார்கள். பெயர், வயது சொன்னால் ஓ.பி. சீட்டு. மாத்திரையும் இலவசம். நாய் கடித்தால் போடுகிற ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதற்காகத் தனியாரிடம் போய்ச் செலவு செய்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான். நாய் கடித்தால் முதலில் காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

அப்புறம் ஒரு குடும்ப டாக்டர்

அரசு நிலையம் இருக்கும்போது தனி டாக்டர் எதற்கு என்று கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளைக்கு மூச்சிரைத்தால் பக்கத்தில் ஒருவர் வேண்டும் இல்லையா? அதைவிட, உங்கள் வீட்டு ஆட்களின் உடம்பைத் தொடர்ந்து பார்த்து வருகிற ஒருவர் இருப்பது பெரிய பலம். அரசு நிலையத்து டாக்டரே அப்படி அமைந்துவிட்டால் இன்னும் நல்லது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? மருந்துக் கடைக்காரர் சொல்கிறார், ஆட்டோ அண்ணன் சொல்கிறார் என்று போகாதீர்கள். லெட்டர் பேடில் டாக்டரின் படிப்பும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சீட்டு எங்கே என்று அவராகக் கேட்டால் நல்ல அடையாளம். “ஊசி ஒண்ணு போட்டு விடுங்க சார்” என்று நீங்கள் கேட்டும், வேண்டாம் என்று சொல்கிற டாக்டரை விடாதீர்கள். எங்கள் மேசைக்கு முன்னால் நடக்கிற சண்டையில் பாதி இதற்குத்தான். ஊசி போடாத டாக்டருக்கு எதற்குப் பீஸ் என்று கோபித்துக்கொண்டு போகிறவர், அடுத்த தெருவில் படிப்பே இல்லாத ஒருவரிடம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பார்.

இன்னொன்று, ‘செட் மாத்திரை’. சில மருந்துக் கடைகளில் போய் “உடம்பு வலி, ஒரு செட் குடுங்க” என்றால் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று நாலைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பெயரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். இருந்தால் வலி சட்டென்று அடங்கும், சர்க்கரை ஏறும். தறியில் நின்று, பட்டறையில் குனிந்து வேலை செய்கிற ஆட்கள் இடுப்பு வலிக்கு இதை வாரக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். புது ஊரில் இந்தப் பழக்கத்துக்குள் மட்டும் விழாதீர்கள்.

வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு தாள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன ஆபரேஷன் நடந்தது, பி.பி., சர்க்கரை எவ்வளவு என்று தேதி போட்டு எழுதி, டாக்டர் சீட்டுகளை அதிலேயே ஒட்டிவையுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில், டாக்டர் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிற கடிதமும் இந்த நோட்டும் சேர்ந்தால் அங்கே முதல் கேள்வியிலேயே விஷயம் பிடிபட்டுவிடும். எத்தனையாவது நாள் காய்ச்சல், ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது தெரியாமல்தான் அங்கே பரிசோதனைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகின்றன.

மருந்துச் செலவுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரை (கம்பெனிப் பெயரில் இல்லாமல் வேதிப் பெயரில் விற்கிற மாத்திரை) மலிவு. மருந்தின் வேதிப் பெயரையும் சேர்த்து எழுதித் தாருங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. இருக்கிறதா?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, முதலாளி இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார் என்றால் உங்கள் கதையே வேறு. சின்ன கிளினிக்குக்குச் சமமான ஒன்று, காப்பீட்டின் கீழேயே உங்களுக்கு இருக்கிறது. அதன் பெயர் இ.எஸ்.ஐ. மருந்தகம். டிஸ்பென்சரி என்றால்தான் பலருக்குப் புரியும். காய்ச்சலுக்கும் அங்கே போகலாம், குடும்பத்தையும் காட்டலாம், பீஸ் கிடையாது. மேல் சிகிச்சை வேண்டுமென்றால் சேலத்திலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, டிஸ்பென்சரி டாக்டர் எழுதி அனுப்புவார்.

பிடித்தம் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 13,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 98 ரூபாய். அந்த 98 ரூபாயைக் கொடுத்துக்கொண்டே, கையிலிருந்து பீஸ் கட்டித் தனியாரிடம் காட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கேட்டால், “டிஸ்பென்சரி எங்க இருக்குன்னே தெரியாதுங்க” என்பார்கள். கம்பெனி அலுவலகத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணை வாங்குங்கள், இ-பெஹ்சான் என்கிற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையை அச்செடுங்கள், எந்த டிஸ்பென்சரி ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். ஓசூரிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்குப் பழைய ஊர் டிஸ்பென்சரியே பதிவில் கிடக்கும், அதை மாற்ற வேண்டும். மனைவி, பிள்ளைகள் சொந்த ஊரில் இருந்தால் அவர்களுக்கு அந்த ஊர் டிஸ்பென்சரியைத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

உடம்பு முடியாமல் லீவு போட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் டிஸ்பென்சரி டாக்டர் தருகிற சான்று வேண்டும், குறைந்தது 78 நாள் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். வெளி டாக்டரிடம் காட்டி, குணமான பிறகு சான்றுக்காக டிஸ்பென்சரிக்கு ஓடினால் வேலைக்கு ஆகாது.

நாலு பேர் வேலை செய்கிற கொலுசுப் பட்டறை, ஆறு தறி ஓடுகிற கூடம் என்றால் இ.எஸ்.ஐ. வராது. பொதுவாகப் பத்துப் பேராவது இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, குகை பகுதிகளில் பெரும்பாலான ஆட்களுக்கு அதனால் கீழே சொல்கிற அட்டைதான் கதி.

காப்பீட்டு அட்டையை ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுங்கள்

தொடக்கத்தில் சொன்ன அந்த அட்டையின் திட்டம் 2009-ல் கலைஞர் பெயரில் வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சர் திட்டமாக மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. அதனால் ஒருவர் கலைஞர் கார்டு என்பார், ஒருவர் மோடி கார்டு என்பார். எதைச் சொன்னாலும் மேசையில் இருக்கிறவருக்குப் புரியும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இது குடும்பத்துக்கு மொத்தமாக, ஆளுக்கு ஐந்து லட்சம் கிடையாது.

எடுக்கிற வழி இப்படி. முதலில் ரேஷன் கார்டைச் சரி செய்யுங்கள். எல்லாத் தகராறும் அங்கேதான் தொடங்கும். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் அம்மா வீட்டு கார்டில் இருக்கும், பிறந்த குழந்தை பெயர் ஏறியிருக்காது, ஆதாரில் முருகேசன் என்றும் ரேஷனில் முருகேஷ் என்றும் இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதற்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிற வேதனை யாருக்கும் வேண்டாம். அடுத்து வருமானச் சான்று, வி.ஏ.ஓ. வழியாக. பிறகு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றோடும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தோடு போய்விடுங்கள், படம் எடுக்க ஆள் இல்லை என்று இன்னொரு நாள் அலைய வேண்டாம். அங்கே தருகிற யு.ஆர்.என். என்கிற காப்பீட்டுப் பதிவு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நிம்மதி: பழைய ஊரில் எடுத்த அட்டை இங்கேயும் செல்லும். மாநிலம் முழுக்க ஒன்றுதான். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும், ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தால் உரிய அதிகாரியின் சான்றோடு சேரலாம். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை.

அட்மிஷன் நாளில்

திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் சிகிச்சைகள் உண்டு, சில ஸ்கேன் போன்ற பரிசோதனைகளும் உண்டு. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாமும் இல்லை. வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை தொங்குகிறது என்பதை மட்டும் நம்பி உள்ளே போய்விடாதீர்கள். ஒரு ஆஸ்பத்திரி எலும்பு முறிவுக்குப் பட்டியலில் இருக்கும், இருதயத்துக்கு இருக்காது. ஆகவே வரவேற்பறையில் கேட்க வேண்டிய கேள்வி, “கார்டு எடுத்துக்குவீங்களா?” என்பதல்ல. “இந்த வியாதிக்கு, இந்த ஆபரேஷனுக்கு, இங்கே கார்டில் செய்வீர்களா?” என்று கேளுங்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

காப்பீட்டுக்கென்று தனி மேசை இருக்கும். அங்கே அட்டையையும் ரேஷன் கார்டையும் வாங்கி, நோயாளியைப் படம் எடுத்து, பரிசோதனை அறிக்கைகளோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன். இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், சில சமயம் இன்னொரு ஸ்கேன் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதற்காகப் பதறிப்போய், “முதல்ல பணம் கட்டிடறோம், அப்புறம் கார்டுல பாத்துக்கலாம்” என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை ரொக்க நோயாளியாகப் பதிவாகிவிட்டால், அதைப் பின்னால் மாற்றுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் சத்தம் போட வேண்டாம், ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் அங்கேயே நின்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். எங்கள் உறவில் ஒருவருக்கு, அனுமதி வந்த பிறகும் ‘உபகரணச் செலவு’ என்று ஒரு தொகை கேட்டார்கள். அந்த எண்ணை டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டதும் அந்தச் செலவு காணாமல் போய்விட்டது.

அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த அட்டையைக் காட்ட வேண்டும். எப்படியும் இலவசம்தானே, எதற்குக் கார்டு என்று விட்டுவிடுகிறார்கள். அட்டையில் சிகிச்சை பார்த்தால் அதற்கான தொகை அந்த ஆஸ்பத்திரிக்கே போகும், அதிலிருந்து உபகரணமும், உடம்புக்குள் பொருத்துகிற இம்ப்ளான்ட்டும் வாங்குவார்கள். எனவே வார்டில் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

சேலத்தில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் முழுப்பெயர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆட்டோவில் ‘ஜி.எச்.’ என்றால் போதும். பழைய பஸ் ஸ்டாண்ட், கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான். வெளி நோயாளிப் பிரிவுக்குக் காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் சீட்டு வாங்கவே அரை நாள் போய்விடும். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம், ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் நோயாளியோடு உட்கார.

கர்ப்பம், சர்க்கரை, பி.பி.

கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள் உங்கள் பகுதி கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். தனியாரில் பிரசவம் பார்க்கப் போகிறவர்களும் பதிய வேண்டும். அப்போது தருகிற பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) குழந்தையின் பிறப்புச் சான்றுக்கே வேண்டும், அரசு தருகிற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதுதான் அடிப்படை. தாய் வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதானால் அந்த எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள்.

சர்க்கரை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். 2021-ல் தொடங்கிய திட்டம். புது முகவரிக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் மலைக்கும் பொருந்தும், ஆனால் தூரம் கணக்கில் வரும். ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, நாகலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு, மழையில் ஒன்றில் மரம் விழுந்தால் மற்றதைப் பாருங்கள்.

காப்பித் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் தோட்ட அலுவலகத்தில், அவசரத்துக்கு எந்த வண்டி, யார் ஓட்டுவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 108 வரும், ஆனால் உள் தோட்டத்துக்குள் வண்டி வராத இடங்கள் உண்டு. நோயாளியைத் தார்ச்சாலை வரைக்கும் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. போனில் இடம் சொல்லும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லாமல், பக்கத்துப் பஸ் நிறுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும், சின்ன கிளினிக்கில் நேரம்தான் வீணாகும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மலையில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். தேதி நெருங்கும்போது சேலத்தில் உறவினர் வீட்டில் வந்து இருங்கள், அல்லது முன்கூட்டியே அட்மிஷன் போடுவது பற்றிச் செவிலியரிடம் பேசுங்கள். மழைக்கால ராத்திரியில் பனிமூட்டத்தில் வலியோடு இறங்குவது யாருக்கும் நல்லதல்ல.

சாலை விபத்து என்றால் மலையோ ஊரோ, கார்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் யாருக்கும் இலவசம். வேறு மாநிலத்துக்காரருக்கும் உண்டு. சுற்றுலா வந்த விருந்தாளிக்கு வளைவில் பைக் சறுக்கினாலும் இதே கணக்குதான். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாம்.